28 நாள் மாதமும் 1,200 ரூபாய் ஓய்வூதியமும்
ஆரணி நெசவு வட்டாரத்து முதியோரின் தொலைக்காட்சி, இணையச் செலவு பற்றி

கேள்வி

தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியம் 2023 ஆகஸ்ட் முதல் மாதம் 1,200 ரூபாய். ஆண்டுக்கு 14,400. இதை வாங்கும் ஒருவரின் வீட்டில் ஒரு கேபிள் இணைப்பு, ஒரு கைபேசி, ஒரு ஃபைபர் இணைய இணைப்பு மூன்றும் இருப்பதாக வைத்துக்கொண்டு கணக்குப் போடலாம். தமிழ்நாடு அரசு கேபிள் நிறுவனம் 2019இல் நிர்ணயித்த மாதக் கட்டணம் 130 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 153 ரூபாய் 40 காசு. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,841 ரூபாய். 2024 ஜூலை விலை உயர்வுக்குப் பின் கைபேசிக்கு 28 நாளைக்கு 199 ரூபாய் என்றால், ஆண்டுக்கு 13 முறை போட வேண்டும், 2,587 ரூபாய். வீட்டு இணையத்தின் தொடக்கநிலைத் திட்டம் 399 ரூபாய், வரியோடு 471, ஆண்டுக்கு 5,650. மூன்றையும் கூட்டினால் 10,078 ரூபாய். ஓய்வூதியத்தில் பத்தில் ஏழு பங்கு இதற்கே போய்விடும்.

உண்மையில் எந்த முதியவரும் ஓய்வூதியத்தில் பத்தில் ஏழு பங்கை இதற்குக் கொடுப்பதில்லை. ஒன்று, இணையம் இல்லாமல் இருந்துவிடுகிறார். அல்லது செய்யாறு சிப்காட்டிலோ ஸ்ரீபெரும்புதூரிலோ சென்னையிலோ வேலை பார்க்கும் பிள்ளை பணம் கட்டுகிறார். கட்டுபவருக்கு வீட்டில் எது ஓடுகிறது என்று தெரியாது. பயன்படுத்துபவருக்கு எதற்கு எவ்வளவு போகிறது என்று தெரியாது. செலவு தேவைக்கு மேல் வீங்குவது இந்த இடைவெளியில்தான்.

இந்தியாவின் இணையம் உலகிலேயே மலிவானவற்றுள் ஒன்று என்பது பரவலான கருத்து. ஒரு ஜிபி விலையை அளவுகோலாக வைத்தால் அது சரி. மாதம் முழுக்க ஒரு ஜிபி கூடச் செலவழிக்காத எழுபது வயதுக்காரருக்கு அந்த அளவுகோல் பொருந்தாது. அவர் கொடுப்பது உள்ளே நுழைவதற்கான கட்டணம். அது தொடர்ந்து ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. அதைக் குறைக்க இதுவரை மூன்று வழிகள் முயலப்பட்டிருக்கின்றன, அல்லது முன்மொழியப்பட்டிருக்கின்றன: அரசே சேவை தருவது, ஒழுங்குமுறை ஆணையம் விதி வகுப்பது, நேரடி மானியம் கொடுப்பது. இவற்றில் எது முதியவரின் கையில் உண்மையாகவே பணத்தை மிச்சப்படுத்தியது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

தறி வீட்டில் தொலைக்காட்சி

திருவண்ணாமலை மாவட்டம் ஆரணியும் அதைச் சுற்றியுள்ள தேவிகாபுரம், ஒண்ணுபுரம், முள்ளிப்பட்டு போன்ற ஊர்களும் பட்டு நெசவால் வாழ்பவை. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் உண்டு. இங்கே வீடும் பட்டறையும் ஒன்றுதான். முன்கூடத்தில் குழித்தறி, அதன் தலைமேல் ஜக்கார்டு பெட்டி, மிஞ்சிய இடத்தில் குடும்பம். குழியில் காலைத் தொங்கவிட்டு மிதியை மிதிப்பவரின் கண் பாவிலேயே இருக்க வேண்டும்; ஓர் இழை அறுந்தாலும் பிணைத்துவிட்டுத்தான் மேலே போக முடியும். ஆகவே நெசவாளர் தொலைக்காட்சியைப் பார்ப்பதைவிடக் கேட்பதே அதிகம். தொடரின் வசனமும் பழைய பாட்டும் செய்தியும் நாடா ஓடும் சத்தத்துக்கு மேலாகக் காதில் விழுந்தால் போதும்.

வயதாகிப் பார்வை மங்கியவர்கள் தறியை விட்டு இறங்கிய பிறகும் வேலையை விடுவதில்லை. ராட்டையில் நூலைத் தாராகச் சுற்றிக் கொடுப்பார்கள், பாவு வேலைக்குக் கை கொடுப்பார்கள். அப்போதும் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்கும். இவர்களுக்கு வேண்டியது நான்கைந்து தமிழ் அலைவரிசைகள். எச்டி படமும் விளையாட்டுத் தொகுப்பும் 200 அலைவரிசைகளும் இவர்களுடைய தேவைப் பட்டியலில் இல்லை. இந்தச் சிறிய தேவைக்கும் சந்தை விற்கும் பெரிய பொதிக்கும் உள்ள தூரத்தை மனத்தில் வைத்துக்கொண்டுதான் கட்டண வரலாற்றைப் படிக்க வேண்டும்.

70 ரூபாய்க் காலம்

2006 தேர்தல் வாக்குறுதிப்படி அன்றைய திமுக அரசு அந்த ஆண்டு செப்டம்பர் 15 முதல் இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை வழங்கத் தொடங்கியது. 2011க்குள் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் வீடுகளுக்குப் போயின. இத்திட்டத்தை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2013 ஜூலையில் சுப்பிரமணியம் பாலாஜி வழக்கின் தீர்ப்பாக முடிந்தது. இலவசம் சரியா தவறா என்ற விவாதம் அளவுக்கு அதிகமாகவே நடந்துவிட்டது. அதில் போதிய கவனம் பெறாத ஒன்று உண்டு: பெட்டி ஒருமுறைச் செலவு, கேபிள் மாதந்தோறும் வரும் செலவு. பெட்டியை அரசு கொடுத்தது. மாதக் கட்டணத்தை வீடு சுமந்தது.

தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனம் 2007இலேயே பதிவு செய்யப்பட்டிருந்தாலும் அதற்கு உயிர் வந்தது 2011 செப்டம்பர் 2ஆம் தேதி, ஜெயலலிதா ஆட்சியில். மாதம் 70 ரூபாய். அதில் 20 ரூபாய் நிறுவனத்துக்கு, மீதி 50 உள்ளூர் கேபிள்காரருக்கு. முதியோர் பக்கம் நின்று பார்த்தால் இந்த ஏற்பாட்டின் சிறப்பு விலையோடு நின்றுவிடவில்லை. ஒரே விலை, ஒரே பொதி, தேர்ந்தெடுக்க ஒன்றுமில்லை. தெருவில் அறிமுகமான ஆள் வீட்டுக்கே வந்து பணம் வாங்கிக்கொண்டு போவார். படம் வரவில்லை என்றால் அவரையே கூப்பிடலாம். எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும் இது புரிந்தது.

குறைகள் இல்லாமல் இல்லை. அரசியல் போட்டியில் பிறந்த நிறுவனம் என்பதால் ஆட்சி மாறும்போதெல்லாம் அதன் தலையெழுத்தும் மாறியது. டிஜிட்டல் உரிமம் இழுபறியில் கிடந்து, 2017 ஏப்ரலில்தான் கிடைத்தது. அதற்குள் தனியார் கேபிளும் டிஷ்ஷும் முன்னே போய்விட்டன. அந்த ஆண்டு செப்டம்பரில் இலவச செட்டாப் பாக்ஸ் கொடுக்கத் தொடங்கினார்கள். 2022 நவம்பரில் மென்பொருள் ஒப்பந்தத் தகராறில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பாக்ஸ்கள் சில நாள்கள் முடங்கின. அந்த நாள்களில் பலர் வேறு சேவைக்கு மாறினர். மாறிய வீடுகளில் கட்டணம் கூடியதா குறைந்ததா என்று அந்த வீட்டுப் பெரியவர்களை யாரும் கேட்கவில்லை.

தேர்வுரிமை யாருக்கு?

2017 மார்ச்சில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஒரு புதிய கட்டண ஆணையை வெளியிட்டது. அது 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. பார்க்கும் அலைவரிசைக்கு மட்டும் பணம் கொடுங்கள் என்பதே அதன் கொள்கை. கேட்கும்போது முதியோருக்கென்றே செய்தது போல இருக்கும். நான்கு அலைவரிசை பார்ப்பவர் நான்குக்கு மட்டும் கொடுத்தால் போதுமே!

நடந்தது வேறு. 100 அலைவரிசைகள் வரை பிணையக் கொள்ளளவுக் கட்டணம் என்று 130 ரூபாய், அதற்கு வரி, ஆகமொத்தம் 153 ரூபாய் 40 காசு, முதலில் எல்லோரும் கட்டியாக வேண்டியிருந்தது. அதன் மேல் சன் டிவிக்கு 19 ரூபாய், மற்ற கட்டண அலைவரிசைகளுக்குத் தனித்தனி விலை, ஒவ்வொன்றுக்கும் வரி. தமிழ்நாட்டுப் பெரியவர்கள் விரும்பிப் பார்க்கும் தொடர்கள் பெரும்பாலும் கட்டண அலைவரிசைகளில்தான் இருக்கின்றன. நான்கைப் பார்ப்பவரும் நாற்பதைப் பார்ப்பவரும் ஒரே அடிக்கட்டணத்தைத் தாங்கும் இந்த அமைப்பில், குறைவாகப் பார்ப்பவருக்கே சுமை அதிகம்.

இந்த ஆணையால் பலருடைய மாதச் செலவு 230-240 ரூபாயிலிருந்து 300 அளவுக்கு உயரலாம் என்று தரமதிப்பீட்டு நிறுவனமான கிரிசில் 2019 பிப்ரவரியில் மதிப்பிட்டது. டிராய் அதை ஏற்கவில்லை. இரண்டு தரப்பின் வாதங்களிலும் கணக்கிடப்பட்டவர் சராசரிச் சந்தாதாரர். தேர்ந்தெடுப்பது என்றால் செயலியைத் திறக்க வேண்டும், அலைவரிசை எண்களை ஒவ்வொன்றாகக் குறிக்க வேண்டும். அது இயலாதவருக்காகக் கேபிள்காரரோ டிஷ் நிறுவனமோ ஒரு பொதியைத் தேர்ந்தெடுத்துப் போட்டுவிட்டது. தேர்வுரிமை சட்டத்தில் முதியவருக்கு இருந்தது. பொதியை முடிவு செய்தவர் விற்பவர்.

ஆணையம் பிறகு சில திருத்தங்களைச் செய்தது. 2020 ஜனவரியில் அதே 130 ரூபாய்க்கு 200 அலைவரிசைகள் என்றது. ஒரே வீட்டின் இரண்டாவது பெட்டிக்கு இந்த அடிக்கட்டணத்தில் 40 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்றது. மாடியில் மகன் குடும்பம், கீழே தறியோடு பெற்றோர் என்று வாழும் ஆரணி வீடுகளுக்கு இது நல்ல விதியாக இருந்தது. இரண்டாவது பெட்டிக்கு 153க்குப் பதில் 61 ரூபாய்தான் வந்திருக்கும். கேட்டு வாங்கினால் மட்டும். 2024 ஜூலையில் அடிக்கட்டணத்தின் உச்சவரம்பையே ஆணையம் எடுத்துவிட்டது. கட்டணத்தைச் சந்தையே முடிவு செய்யட்டும் என்ற நிலைக்கு ஏழே ஆண்டில் வந்தாயிற்று.

இதே ஆண்டுகளில் மாநில அரசு எடுத்த நடவடிக்கை நேரெதிரானது. இடையில் உயர்ந்திருந்த அரசு கேபிள் கட்டணம் 2019 ஆகஸ்ட்டில் 130 ரூபாயும் ஜிஎஸ்டியும் என்று குறைக்கப்பட்டது. அதற்காக எந்த முதியவரும் விண்ணப்பம் எழுதவில்லை, எந்தச் செயலியையும் திறக்கவில்லை. கேபிள்காரர் அடுத்த மாதம் குறைத்து வாங்கினார், அவ்வளவுதான். விதிகளின் நுணுக்கம் செய்யாததை ஓர் ஒற்றை விலை செய்தது.

மாதக் கட்டணமே இல்லாத வழி ஒன்றும் இருக்கிறது. பிரசார் பாரதியின் டிடி ஃப்ரீ டிஷ் 2004 டிசம்பரிலிருந்து ஓடுகிறது. டிஷ்ஷும் பாக்ஸும் வாங்கினால் போதும், பிறகு ஒரு பைசா கிடையாது. வட இந்தியக் கிராமங்களில் கோடிக்கணக்கான வீடுகள் இதில்தான் பார்க்கின்றன. ஆரணிக்கு இது ஏன் உதவவில்லை என்றால், அதன் தனியார் அலைவரிசைகள் பெரும்பாலும் இந்தியில். பொதிகை என்ற பெயரில் வந்து 2024 ஜனவரியில் பெயர் மாறிய டிடி தமிழும் வானொலியும் வரும். கட்டண அலைவரிசைகளின் மாலை நேரத் தொடர் வராது. தமிழ் அலைவரிசைகளுக்கு அதில் போதிய இடம் ஒதுக்கினால் தென்னிந்தியக் கிராமத்து முதியோருக்கு இதைவிட மலிவான தொலைக்காட்சி வேறு இருக்காது. மத்திய அரசிடம் தமிழ்நாடு உரக்கக் கேட்க வேண்டிய ஒன்று இது.

13 மாத ஆண்டு

கைபேசிக் கட்டணத்தில் 28 நாள் என்ற கணக்கு ஆண்டை 13 மாதமாக்கியது. 2022 ஜனவரியில் டிராய் 30 நாள் செல்லுபடியாகும் திட்டங்களிலும், மாதாமாதம் ஒரே தேதியில் புதுப்பிக்கக்கூடிய திட்டங்களிலும் தலா ஒன்றாவது தர வேண்டும் என்று ஆணையிட்டது. ஒரே தேதி என்பது முதியோருக்கு முக்கியம். ஓய்வூதியம் ஒரு தேதியில் வருகிறது, கூலி சேலை முடிந்தால் வருகிறது. ரீசார்ஜ் மட்டும் ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று நாள் முன்னே நகர்ந்துகொண்டிருந்தால் யாரால் நினைவு வைத்துக்கொள்ள முடியும்?

அதைவிடப் பெரிய மாற்றம் 2024 டிசம்பர் 23ஆம் தேதி வந்தது. இணையம் சேராத, பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான தனித் திட்டங்களை எல்லா நிறுவனங்களும் தர வேண்டும். அவை 365 நாள் வரை செல்லலாம். இணையம் தேவைப்படாத முதியோரும், வீட்டில் வேறு இணைய இணைப்பு உள்ளவர்களும் பயன்பெறுவார்கள் என்பதே ஆணையம் சொன்ன காரணங்களில் முக்கியமானது. 2025 ஜனவரியில் திட்டங்கள் வந்தன. முதலில் அறிவித்த விலைகளைக் கேள்விகள் எழுந்தபின் நிறுவனங்கள் சற்றுக் குறைத்தன: ஏர்டெல்லில் 365 நாளுக்கு 1,849 ரூபாய், ஜியோவில் 336 நாளுக்கு 1,748.

13 முறை 199 என்ற கணக்கோடு ஒப்பிட்டால் ஆண்டுக்கு 738 ரூபாய் மிச்சம். ஓய்வூதியத்தில் பதினெட்டு நாள் பணம். ஆனால் 1,849 ரூபாயை மொத்தமாக எடுத்து வைப்பது தறிக்கூலிக் குடும்பத்துக்கு எளிதன்று. இந்த இடத்தில் வெளியூர்ப் பிள்ளைகள் செய்யக்கூடியது தெளிவு. மாதாமாதம் 199 போடுவதை விட்டு, பொங்கலுக்கோ தீபாவளிக்கோ ஊருக்கு வரும்போது ஆண்டுக்கு ஒருமுறை பேச்சுத் திட்டத்தைப் போட்டுவிட்டால் பணமும் மிச்சம், எண் அணைந்துபோகும் பயமும் இல்லை. எண் அணைவது சாதாரண விஷயமன்று. சிலிண்டர் வாங்க, வங்கிக் கணக்கைச் சரிபார்க்க, ஆதார் சேவைக்கு என எல்லாவற்றுக்கும் ஒருமுறைக் கடவுச்சொல் அந்த எண்ணுக்குத்தான் வருகிறது.

ஒரு தடை உண்டு. பேத்தியை வீடியோவில் பார்க்க விரும்பும் பாட்டிக்குப் பேச்சுத் திட்டம் மட்டும் போதாது. இணையத்தைக் கைபேசியில் வெட்டினால் வீட்டுக்குள் வைஃபை இருக்க வேண்டும்.

கண்ணாடி இழை எங்கே நிற்கிறது?

கிராமங்களுக்கு ஃபைபர் கொண்டுபோகும் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2011 அக்டோபரில் ஒப்புதல் தந்தது; பிறகு அதற்குப் பாரத்நெட் என்று பெயர் மாறியது. தமிழ்நாட்டில் அதை நிறைவேற்ற 2018இல் ஃபைபர்நெட் கழகம் தொடங்கப்பட்டது. இலக்கு 12,525 ஊராட்சிகள். திருவண்ணாமலை மாவட்டத்தில் மட்டும் 860 ஊராட்சிகள் இருக்கின்றன. கம்பி ஊராட்சி அலுவலகம் வரை வருவது ஒன்று, அங்கிருந்து தெருக்கோடி வீட்டுக்குப் போவது வேறொன்று. இரண்டாவதைச் செய்து முடிக்கக்கூடிய ஆள், அந்தத் தெருவின் மின்கம்பங்களை எண்ணி வைத்திருக்கும் கேபிள்காரர்தான்.

பக்கத்து மாநிலங்கள் இதை வெவ்வேறு விதமாக முயன்றிருக்கின்றன. ஆந்திரம் 2017 டிசம்பரில் தொலைக்காட்சி, இணையம், தொலைபேசி மூன்றையும் சேர்த்து மாதம் 149 ரூபாய்க்கு அறிமுகம் செய்தது. அந்த விலை நிலைக்கவில்லை; பின்னர் உயர்ந்தது. ஆனாலும் மூன்று பில்லை ஒன்றாக்கிய அந்த யோசனை இன்றும் சரியானதே. கேரளத்தின் கே-ஃபோன் 2023 ஜூன் 5 அன்று தொடங்கியது. வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள 20 லட்சம் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்பது அதன் அறிவிப்பு. இணைப்பு கொடுக்கும் வேகம் அறிவிப்பின் வேகத்துக்கு ஈடாகவில்லை. விலையை அறிவிப்பது எளிது, அதைத் தாங்கி நடத்துவதற்கு ஆண்டுதோறும் நிதி ஒதுக்க வேண்டும் என்பதை இரண்டு மாநிலங்களும் காட்டியிருக்கின்றன.

மானியம் என்ற மூன்றாம் வழிக்கு இந்தியாவிலேயே ஓர் ஆவணம் இருக்கிறது. டிராய் 2021 ஆகஸ்ட் 31 அன்று அளித்த பரிந்துரையில், கிராமப்புற நிலையான இணைய இணைப்புக்கு மாதக் கட்டணத்தில் பாதியை, 200 ரூபாய்க்கு மிகாமல், பயனர் கணக்கில் நேரடியாகச் செலுத்திப் பார்க்கும் முன்னோட்டத் திட்டம் ஒன்று முன்மொழியப்பட்டது. அதே பரிந்துரையில் இருந்த இன்னொரு அம்சம், அகலப்பட்டை இணையத்தின் குறைந்தபட்ச வேகத்தை 512 கேபிபிஎஸ்ஸிலிருந்து 2 எம்பிபிஎஸ்ஸாக உயர்த்துவது, 2023 ஜனவரியில் அரசாணையாயிற்று. வேகத்தின் வரையறை மாறியது. 200 ரூபாய் மட்டும் ஆரணி வீட்டுக் கணக்குகளுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

வெளிநாட்டு அனுபவம் எச்சரிக்கையாகவும் உதவுகிறது. பிரிட்டனில் அரசு உதவி பெறுவோருக்கு நிறுவனங்கள் சலுகை இணையத் திட்டங்களைத் தருகின்றன. 2023இல் அங்குள்ள ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் எடுத்த கணக்கில், தகுதியுள்ளோரில் சுமார் 5 சதவீதமே அதில் சேர்ந்திருந்தனர். விண்ணப்பித்துப் பெறும் சலுகை, தேவையுள்ளவரைத் தேடிப் போகவில்லை. அமெரிக்காவில் 2 கோடியே 30 லட்சம் குடும்பங்களுக்கு இணையக் கட்டண உதவி தந்த திட்டம், நிதி தீர்ந்ததால் 2024 ஜூன் தொடக்கத்தில் நின்றுபோனது.

வீட்டளவில்

கொள்கை மாறும்வரை குடும்பம் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. முதல் வேலை, வீட்டில் உண்மையில் எந்த அலைவரிசைகள் ஓடுகின்றன என்று ஒரு வாரம் கவனிப்பது. அவை ஏழெட்டைத் தாண்டினால் வியப்பு. அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு கேபிள்காரரிடம் அடிப்படைப் பொதிக்கு மாற்றச் சொல்லலாம். எச்டி இருந்தால் எடுத்துவிடலாம், ஏனென்றால் ஓர் எச்டி அலைவரிசை கணக்கில் இரண்டாக எண்ணப்படுகிறது.

இரண்டாவது, ஒரே சேவைக்கு இரண்டு முறை பணம் போகிறதா என்று பார்ப்பது. வைஃபை வந்த வீட்டில் பெற்றோர் இருவர் கைபேசியிலும் டேட்டாத் திட்டம் ஓடிக்கொண்டிருப்பது வழக்கமாக நடப்பது. இருவருக்கும் பேச்சுத் திட்டம் போட்டால் ஆண்டுக்கு 1,476 ரூபாய் மிச்சம், அதாவது மூன்று மாத இணையக் கட்டணம். மறுதலையாக, மாதம் இரண்டு வீடியோ அழைப்புக்காக மட்டும் 5,650 ரூபாய்க்கு வைஃபை போடுவதும் வீண். அங்கே கைபேசி டேட்டாவே போதும்.

கேபிளை வெட்டிவிட்டு இணையத்திலேயே எல்லாம் பார்க்கலாமே என்ற யோசனை பிள்ளைகளிடமிருந்து வரும். செய்தி அலைவரிசைகள் யூடியூபில் இலவசமாக வருகின்றன. பிரசார் பாரதியின் வேவ்ஸ் செயலி 2024 நவம்பரில் வந்திருக்கிறது. கணக்குப்படி ஆண்டுக்கு 1,841 ரூபாய் மிஞ்சும். ஆனால் தொடர்களுக்குத் தனிச் சந்தா வேண்டும். அதைவிட முக்கியம், இரண்டு பொத்தானில் முடிந்த வேலை செயலி, கணக்கு, கடவுச்சொல் என்று நீளும். தார் சுற்றிக்கொண்டே ரிமோட்டை அழுத்தும் கைக்கு இது சேமிப்பாகாது. பார்ப்பவர் ஒப்புக்கொள்ளாமல் கேபிளை எடுக்கக் கூடாது.

ஏற்கெனவே உள்ள ஒரு முன்மாதிரி

கைத்தறி நெசவாளர் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரம் 2023 மார்ச் முதல் 300 யூனிட் ஆனது. ஒவ்வொரு முறையும் யாரும் விண்ணப்பிப்பதில்லை. மின் கணக்கெடுக்கும்போதே கழிந்துவிடுகிறது. பிரிட்டனின் சலுகை தோற்ற இடத்தில் இது வென்றிருப்பதற்குக் காரணம் இந்தத் தானியங்கித் தன்மையே.

அரசு கேபிள், ஃபைபர்நெட் கழகம், முதியோர் ஓய்வூதியப் பட்டியல் மூன்றும் மாநில அரசின் கையில்தான் இருக்கின்றன. ஓய்வூதியப் பட்டியலில் பெயருள்ள வீட்டுக்கு ஃபைபர் இணைப்பும் தமிழ் அலைவரிசைகளும் சேர்ந்த ஒரே பொதி, ஒரே விலை, மாதாமாதம் ஒரே தேதி என்று கேபிள்காரர் வழியாகவே தர முடியும். டிராய் சொன்ன 200 ரூபாய் மானியம் கிடைத்தால், இக்கட்டுரையின் தொடக்கத்தில் போட்ட கணக்கில் இணையச் செலவு 5,650 ரூபாயிலிருந்து 3,250 ஆகும்; பேச்சுத் திட்டத்தையும் சேர்த்துப் பார்த்தால் மொத்தம் 10,078 ரூபாயிலிருந்து 6,940க்கு இறங்கும். அப்போதும் அது ஓய்வூதியத்தில் ஏறத்தாழ பாதி. இந்த 6,940 ரூபாயில் கேபிளுக்கும் இணையத்துக்குமான 18 சதவீத ஜிஎஸ்டி மட்டுமே 1,100 ரூபாயைத் தாண்டுகிறது. அதைக் குறைக்கும் அதிகாரம் ஜிஎஸ்டி மன்றத்திடம் இருக்கிறது.